நாய்ப்பட்டி வளைவு

ஸ்பேனர் நழுவிக் கன்னத்து எலும்பில் இடித்தது. பெரில் கண்களை மூடிக்கொண்டு வலி அடங்கும்வரை அப்படியே கிடந்தாள். முதுகுக்குக் கீழே விரித்திருந்த அட்டை மூன்று மணி நேரத்தில் ஈரம் குடித்து நசிந்துபோயிருந்தது. மேலே காரின் முன்பக்கம் இரும்புத் தாங்கிகளில் நின்றது. சக்கரங்களைக் கழற்றிய இடத்தில் சக்கரத்தைக் காரோடு பிணைக்கும் புதிய லோயர் ஆர்ம்கள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

"என்ன சத்தம்?" என்று கேட்டான் கிளிஃப். அவள் கணவன். கவிழ்த்த பெயின்ட் டின் ஒன்றின்மேல் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணுமில்ல. ஸ்பேனர் முத்தம் குடுத்துச்சு."

"அதுக்காவது தோணுச்சே."

அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் கன்னம் வலிக்கும்.

கார் வேலையெல்லாம் அவள் கைக்கு வந்து மூன்று வருடமாகிறது. அதற்கு முன் கிளிஃப் படுப்பான், அவள் விளக்குப் பிடிப்பாள். அவனுடைய இடது இடுப்பு மூட்டு தேய்ந்தபின் அவன் உட்கார்ந்து சொன்னான், அவள் படுத்துச் செய்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் நூற்றெண்பது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு ஆக்கும் கை அது. பெரிய அண்டா தூக்கிப் பழகியிருந்ததால் முறுக்குவதற்கு வலு இருந்தது. ஐம்பத்தாறு வயதில் மற்றவை குறைந்துகொண்டு வந்தன.

கிளிஃப்புக்கு ஆபரேஷன் வரும் வியாழக்கிழமை. பதினான்கு மாதம் பட்டியலில் காத்திருந்து கிடைத்த நாள். புது மூட்டு வைத்தபின் தரையை ஒட்டிய இருக்கையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் இருக்கை முழங்கால் உயரம்கூட இல்லை. ஆகவே அவனுக்கு மிஞ்சியிருந்தது இந்த ஞாயிறு மட்டும்தான். ஆர்ன்கோட் மாளிகையின் தோட்டச் சாலையில் குன்றேறும் கார்ப் பந்தயம், அடிவாரத்திலிருந்து உச்சிவரை தொள்ளாயிரம் கஜம். ஒவ்வொரு காராகத் தனியே ஏறும், கடிகாரம் நேரம் சொல்லும். கிளிஃப்பின் நேரம் பதினோரு வருடமாக நாற்பது நொடியும் நூற்றில் முப்பது பங்குமாக, நாற்பது முப்பதில் நின்றுவிட்டது. ஒரே ஒரு தடவை நாற்பதுக்குக் கீழே இறங்க வேண்டும். கார்த் தொழிற்சாலை மூடிய பிறகு அவன் வேறு எதையும் வேண்டும் என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

நேரமெல்லாம் நாய்ப்பட்டி வளைவில்தான் போயிற்று. மாளிகையின் வேட்டை நாய்களை ஒரு காலத்தில் அடைத்துவைத்த இடத்தின் ஓரமாகச் சாலை இடதுபக்கம் மடங்கும். அங்கே இந்தக் கார், படிக்கட்டில் இறக்கும் பீரோ மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, முன்சக்கரங்களை வெளியே இழுத்துக்கொண்டு போகும். அதற்குத்தான் புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், கொஞ்சம் நீளமான லோயர் ஆர்ம், ஆர்ம் அசையும் மூட்டில் மாட்டும் கெட்டி ரப்பர் புஷ், சாய்வைத் தடுக்கும் தடித்த கம்பி. நான்கு பெட்டிகள். வீட்டுக் கூடத்தில் மூன்று வாரம் கிடந்தன. அவளுக்கு ஓய்ந்த நேரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் வாய்த்தது.

"புஷ் நட்டு மட்டும் பாக்கி" என்றாள். "எட்டு இருக்கு. சக்கரத்தைப் போட்டு, இறக்கி, நீ உள்ள உக்காந்தப்புறம் முறுக்கணும்."

கிளிஃப் அவள் ஷூவின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பவே முறுக்கிடு. இன்னொரு தடவை நீ தரையில படுக்க வேணாம்."

முப்பது வருடம் அந்தத் தொழிற்சாலையின் கருவி செய்யும் பட்டறையில் இருந்தவன். அவனுக்குத் தெரியும். கார் தன் கனத்தில் நிற்கும்போதுதான் ரப்பர் முறுக்கமில்லாமல் இருக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால், கீழே இறங்கியதும் பிழிந்த துண்டு மாதிரித் திருகிக்கொண்டு, காரின் மூக்கை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். பெரிலுக்கும் தெரியும். இதே வேலையை ஐந்து தடவை செய்திருக்கிறாள். ஆனால் காலை ஐந்தரையிலிருந்து ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தாள். எட்டையும் முறுக்கிவிட்டு வெளியே ஊர்ந்து வந்தாள். அவன் நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை. பிடித்தால் இரண்டு பேரும் விழுவார்கள்.

ஞாயிறு காலை மேகமூட்டமாக இருந்தது. புல்வெளியில் கார்கள் வரிசையாக நின்றன. ஒரே காரை இரண்டு பேர் ஓட்டுவது அங்கே வழக்கம், தம்பதிகள் நிறைய. முதலில் ஓட்டுகிறவருக்கு டயர் குளிர்ந்திருக்கும், பிடிப்பு வராது. இரண்டாவது ஆளுக்குச் சூடான டயர் கிடைக்கும். இந்த வீட்டில் பெரில்தான் எப்போதும் முதல். இப்படி இருபது வருடமாக அவனுக்கு டயர் சூடு பண்ணிக் கொடுத்திருக்கிறாள். அப்படி யாரும் சொன்னதில்லை, பெயர்ப் பட்டியலில் அந்த வரிசையில் வரும், அவ்வளவுதான். அவளுடைய சிறந்த நேரம் நாற்பத்தொன்று அறுபது.

பக்கத்தில் நின்ற ட்ரெவர், பருத்த ஆள், பன்றிப் பண்ணைக்காரன், தேநீரோடு வந்து காரைச் சுற்றிப் பார்த்தான்.

"மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்குதே கிளிஃப். யார் மேல கோவம்?"

புது ஸ்பிரிங், படிய நேரமாகும் என்று கிளிஃப் சொல்லிவிட்டான்.

படியவில்லை. ஒத்திகை ஓட்டம் இரண்டிலும் பழைய நேரத்தைவிட மோசம். முதல் பந்தய ஓட்டத்தில் அவள் நாற்பத்தொன்று எண்பது, அவன் நாற்பத்தொன்று. நாய்ப்பட்டி வளைவில் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகச் சாலையோர வைக்கோல் கட்டுகளைப் பார்த்துப் போயிற்று என்றான். அவளுக்கும் அப்படித்தான். இருவருக்கும் இன்னும் ஒரே ஒரு ஓட்டம் மிச்சம்.

மதிய இடைவேளையில் சாண்ட்விச்சைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் முன்சக்கரத்துக்கும் மட்காடுக்கும் நடுவிலிருந்த இடைவெளியையே பார்த்தார்கள். உள்ளங்கை போகும்.

"தொங்கவிட்டு முறுக்கிட்டோம்" என்றாள் பெரில்.

"நான்தானே சொன்னேன்."

"நான்தானே முறுக்கினேன்."

அவன் சாண்ட்விச்சின் ஓரத்தைப் பிய்த்துப் புல்லில் போட்டான். அவள் எழுந்து, ட்ரெய்லரை இழுத்துவந்த வண்டியிலிருந்து நான்கு மரக்கட்டைகளையும் ஸ்பேனர் பெட்டியையும் எடுத்துவந்தாள். சக்கரங்களைக் கட்டைகள்மேல் ஏற்றினால் அடியில் ஓர் ஆள் நுழையலாம். நட்டுகளைத் தளர்த்தி, காரை ஆட்டிப் படியவைத்து, ஓட்டுகிறவர் கனம் இருக்கையில் இருக்கும்போது முறுக்க வேண்டும்.

தான் உட்காருவதாக ட்ரெவர் சொன்னான். நீ உட்கார்ந்தால் கார் பூமிக்குள் போய்விடும் என்றான் கிளிஃப். பெரிலுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இரண்டு மாவு மூட்டை வைத்தாலும் போதும் என்றாள். கிளிஃப் கேட்கவில்லை. இது ஒரே ஓட்டம், தன் கனத்துக்குத்தான் சரியாக அமைய வேண்டும் என்றான். ஊன்றுகோலை ட்ரெவரிடம் கொடுத்துவிட்டு, இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி உள்ளே வைத்தான். பிறகு உடம்பை இறக்கினான். முகம் வெளுத்திருந்தது.

புல் ஈரமாக இருந்தது. அட்டை எதுவும் இல்லை. பெரில் மல்லாந்து உள்ளே நகர்ந்தாள். அவன் குரல் காரின் அடித்தகடு வழியாக வந்தது.

"எத்தனை ஆச்சு?"

"ரெண்டு."

கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குப் பசங்களுக்கு என்ன?"

"கொத்துக்கறி."

"உருளைக்கிழங்கோடவா?"

"வேற எதோட?"

நான்காவது நட்டு துருப்பிடித்த மாதிரி அடம்பிடித்தது. புது நட்டுதான், அவளே வெள்ளிக்கிழமை அத்தனை பலத்தோடு இறுக்கியிருந்தாள். குழாய் ஒன்றை ஸ்பேனரில் மாட்டி இழுத்தாள்.

"காலு மரத்துப்போச்சு" என்றான் அவன்.

"இறங்கறியா?"

"நீ முடி."

நாற்பது நிமிடம் ஆயிற்று. அவள் வெளியே வந்தபோது அவர்கள் பிரிவைக் கூப்பிட்டுவிட்டார்கள். ட்ரெவரும் அவளும் அக்குளில் கைகொடுத்து கிளிஃப்பைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். அவன் ட்ரெவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். கார் மூக்கைத் தாழ்த்தி நின்றது. அவள் ஈர உடுப்பின்மேலேயே பந்தய உடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள்.

பச்சை விளக்கு. முதல் வளைவைப் பற்றி அவளுக்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை. நாய்ப்பட்டிக்கு வரும்போது வழக்கம்போலத் தோளை இறுக்கிக்கொண்டாள். திருப்பினாள். கார் திரும்பியது. சாயவில்லை, இழுக்கவில்லை. நாய்ப்பட்டிச் சுவரோரம் ஒட்டிக்கொண்டு உள்ளே போயிற்று. வளைவு முடிந்தபோது தோள் இன்னும் இறுகியே இருந்தது, அதற்கு வேலை இருக்கவில்லை. அவளுக்கு மகிழ்ச்சி என்று எதுவும் தோன்றவில்லை. எல்லாம் இவ்வளவு லேசாக இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

நாற்பது நொடி பதினொன்று. குளிர்ந்த டயரில்.

திரும்பும் பாதையில் இறங்கி வந்தாள். ஒலிபெருக்கியில் நேரத்தைச் சொல்லியிருந்தார்கள். கிளிஃப் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தான். அவள் எஞ்சினை அணைக்காமல் இறங்கினாள், டயர் ஆறுவதற்குள் அவன் புறப்பட வேண்டும். அவன் இடது காலைத் தூக்கப் பார்த்தான். முழங்கால் வரவில்லை. கைகளால் தூக்கினான், இடுப்பு மடங்க மறுத்தது. ட்ரெவர் பின்னாலிருந்து தாங்கினான். இரண்டாவது தடவை அவன் வாயிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது.

வரிசையைப் பார்த்துக்கொள்ளும் டெஸ்மண்ட் கொடியோடு வந்தான். இவர்களை இருபது வருடமாகத் தெரிந்தவன். முதலில் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் பக்கத்துக் காரைப் பார்த்தான். பிறகு பார்த்தான்.

"கிளிஃப், பின்னால ஏழு காரு நிக்குதுப்பா."

"ஒரு நிமிஷம்."

டெஸ்மண்ட் ஒரு நிமிடத்துக்கும் மேலாகவே கொடுத்தான். கிளிஃப் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முடியாது என்று தலையை ஆட்டினான். டெஸ்மண்ட் அடுத்த காருக்குக் கொடியைக் காட்டினான். பெரில் கைநீட்டி எஞ்சினை அணைத்தாள்.

வீட்டுக்குப் போகும்போது ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு அவளே ஓட்டினாள். கிளிஃப் இருக்கையை முழுக்கச் சாய்த்துப் படுத்திருந்தான். ஊர்கள் இரண்டு போயின.

"சொல்லு" என்றான்.

"என்னத்த சொல்றது? திருப்பினேன். திரும்புச்சு."

"எங்க திருப்பின?"

"எப்பவும் திருப்பற இடத்துலதான்."

"அப்ப சீக்கிரம். இன்னும் அஞ்சடி தள்ளித் திருப்பியிருக்கலாம்."

"இருக்கலாம்."

"பின்பக்கம்?"

பின்பக்கம் கூடவே வந்தது என்றாள். கம்பி எப்படி இருந்தது என்று கேட்டான். வளைவின் நடுவில் ஒரு மேடு இருக்குமே, அது தெரிந்ததா என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லத் தெரியாத இடத்தில் அவன் காத்திருந்தான், அவள் மறுபடி யோசித்துச் சொன்னாள்.

"டயர் சூடா இருந்திருந்தா?" என்றான் கடைசியில்.

அவள் ஒரு லாரியை முன்னால் விட்டாள். "முப்பத்தொம்பது எண்பது."

"நான் எழுபதுன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அழவில்லை. தூங்கவும் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. பெரில் ஐந்தரைக்கு எழுந்து வேலைக்குப் போனாள். கிளிஃப் பதினோரு மணிவரை படுத்திருந்தான், பிறகு வலி மாத்திரை போட்டுக்கொண்டு வானொலி கேட்டான். மதியம் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். புதன்கிழமை இரவுக்குமேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொன்னாள். மூன்று மணிக்கு மழை பிடித்தது. பெரில் நாலரைக்கு வீடு வந்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ட்ரெய்லரைக் கொட்டகைக்குள் தள்ளினாள். பிறகு இரண்டு பைஜாமாக்களை இஸ்திரி போட்டுப் பெட்டியில் வைத்தாள்.