கட்டுமாவடியில் என் வாய்க்கு வேலை போன கதை

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய மருமகள் வடக்கத்திப் பெண். தமிழ் பழக ஆசைப்படுகிறாள். எந்த ஊருக்குக் கூட்டிப்போனால் ஜனங்கள் அவளோடு தமிழிலேயே பேசுவார்கள் என்று. இரண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். 1962 மாசியில் நாங்கள் போன ஒரு பயணம் முழுசாக நினைவுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் புதுக்கோட்டையில் தமிழாசிரியர். வயது இருபத்தேழு. வாய்க்கு மட்டும் நூறு வயது என்பாள் என் மனைவி செல்லம். எங்கள் தெருவுக்கு ரயில்வேக்காரர் ஒருவர் குடிவந்தார். ரத்தினகிரிப் பக்கத்து மராத்திக்காரர். அவர் மனைவி சுமன், நர்ஸ். ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலைக்குச் சேர்ந்தார். தமிழ் தெரியாது. பள்ளி விட்டதும் நான் போய் நின்று, நோயாளி சொல்வதை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்வேன். அவர் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்வேன். பிறகு ஒரு மணி நேரம் பாடம். ஆறு மாதத்தில் எழுத, படிக்கக் கற்றுவிட்டார். பேச்சு மட்டும் வரவில்லை.

தை மாதம் ஒரு பெண் வந்தாள். பிள்ளை பெற்று இருபது நாள். என்னம்மா செய்கிறது என்று நான்தான் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “வயித்துவலிங்க” என்றாள். அதையே சுமனிடம் சொன்னேன். மருந்து கொடுத்து அனுப்பினார்கள். நாலாம் நாள் அவளை மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். ரத்தப்போக்கு. எப்படியோ பிழைத்தாள். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று டாக்டரம்மா கேட்டதற்கு, “அந்த வாத்தியாரய்யா நின்னாங்களே, எப்புடிங்க சொல்றது?” என்றாளாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பங்குனி முடிவதற்குள் நடுவில் ஆள் இல்லாமல் சுமன் பேச வேண்டும். இல்லாவிட்டால் வேறு நர்ஸைப் பார்த்துக்கொள்வார். சுமனுக்கு அந்த வேலை உயிர். “யாருமே என்னிடம் பேசுவதில்லையே சார், எனக்குப் பேச்சு எங்கிருந்து வரும்?” என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். சரி, பேசுகிற ஜனங்கள் இருக்கிற ஊருக்கே போவோம் என்று கிளம்பினோம். அவர் கணவருக்கு டியூட்டி. சுமன், செல்லம், நான், மூன்று பேர்.

சனிக்கிழமை காலை 7.10 பஸ். புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் பன்னிரண்டு மைல், ஆளுக்கு ஐம்பது நயா பைசா, முக்கால் மணி நேரம். (இளையவர்களுக்கு ஒரு குறிப்பு: அப்போது புதுக்கோட்டை தனி மாவட்டம் கிடையாது. நாங்கள் திருச்சி ஜில்லா, அறந்தாங்கி தஞ்சாவூர் ஜில்லா.) சுமன் பார்க்க நம்மூர்ப் பெண் மாதிரியே இருப்பார். பக்கத்து சீட்டுக்காரம்மா கடகடவென்று பேச ஆரம்பித்தார். சுமன் பதிலுக்குத் திணறியதும் உடனே என் பக்கம் திரும்பி, “பாவம், வாய் பேசாதுங்களா?” என்றார். நானும் சும்மா இருந்தேனா? மராத்தி, ரத்தினகிரி, நர்ஸ் என்று முழு ஜாதகத்தையும் ஒப்பித்தேன். அரிமளம் வரும்வரை அந்தம்மாவும் நானும்தான் பேசினோம்.

அரிமளம் செல்லத்தின் பிறந்த ஊர். மாமனார் வீட்டில் உபசாரத்துக்குக் கேட்கவா வேண்டும்! நாற்காலி, காபி, பணியாரம். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் என்னிடம்தான் வந்தது. “மாப்ள, அவுங்களுக்குக் காரம் ஆகுமான்னு கேளுங்க.” “மாப்ள, அவுங்களுக்குப் பிள்ளைக எத்தனைன்னு கேளுங்க.” எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷியைப் பற்றி என்னைக் கேட்கிறார்கள். சுமன் தானாக ஒரு வாக்கியம் சொன்னார். அதில் மூன்று தப்பு. “அடியாத்தீ, என்ன அழகா தமிழ் பேசுறாங்க!” என்று எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்தவரைத் திருத்துவது மரியாதை இல்லை என்பது அவர்கள் எண்ணம். என் செல்லம் இன்னும் ஒரு படி மேலே. பாசத்தில், குழந்தைக்குச் சொல்வது போல, “சுமன்... சோறு... நல்லா? போதும்?” என்றாள். சுமன் சிரித்தார். ஆனால் கை கழுவும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். வாடிப்போயிருந்தது.

சாயங்காலம் 4.30க்கு அறந்தாங்கி பஸ். பதினாலு மைல், அறுபது நயா பைசா. இரவு செல்லத்தின் சின்னம்மா வீட்டில் தங்கினோம். அந்த வீட்டுக்குக் கட்டுமாவடியிலிருந்து மீன் கொண்டுவருகிறவர் காளியம்மா. நாற்பது வயதிருக்கும், தெருமுனையில் பேசினால் கொல்லைப்புறத்தில் கேட்கிற குரல். வாத்தியார் வருவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன், கரையில் அவரைப் போய்ப் பாருங்கள் என்றார் சின்னம்மா.

ஞாயிறு காலை 5.15 பஸ். பதினெட்டு மைல், எழுபத்தைந்து நயா பைசா. ஆறரைக்குக் கட்டுமாவடி. படகுகள் அப்போதுதான் கரைக்கு வந்துகொண்டிருந்தன. கரையில் ஒரு வழக்கம் உண்டு. மீனை இறக்கியதோடு ஆண்கள் வேலை முடிந்தது. பிரிப்பது பெண்கள் வேலை. குவியலைச் சுற்றிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ரகம் ரகமாகப் பிரிப்பார்கள். அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் ஆண்கள் நிற்பதில்லை. எனக்கு இது தெரியாது. நேராகப் போய் நின்று, “இவங்க பேர் சுமன், மராத்தி...” என்று ஆரம்பித்தேன்.

காளியம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வாத்தியாரய்யா, இங்க ஆம்பளைக்கு வேலை இல்ல. அங்கிட்டு டீக்கடைப் பக்கம் போங்க.”

“இல்லம்மா, அவங்களுக்குத் தமிழ் சரியா வராது...”

“அதுக்கு? நாங்க என்ன அவுங்களைத் தின்னுரவா போறோம்? போங்கங்கிறேன்!”

செல்லம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வாங்க. ஒரு நாளைக்குப் பேசாம இருந்தா ஒங்களுக்கு ஒண்ணும் ஆயிராது.” எனக்குக் கோபம்தான். ஆறு மாதமாக உயிரைக் கொடுத்துச் சொல்லித் தந்தவன் நான், என்னை விரட்டுகிறார்கள்! ஆனாலும் போனேன்.

டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். சுமன் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரும் கடற்கரை ஊர்க்காரர்தானே, அவர் கைக்கு மீன் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் பெயர் கேட்டார். வேலை ஓட்டத்தில் அவருக்காக யாரும் நிதானிக்கவில்லை, இனிக்க இனிக்கப் பேசவில்லை. அரை மணியில் காளியம்மா குரல் டீக்கடை வரை வந்தது. “ஏ புள்ள! சூடை மீன அந்தக் குமியில போடாதன்னு எத்தன தடவ சொல்றது? கண்ணு எங்க இருக்கு?”

எனக்குப் பதறிப்போயிற்று. விருந்தாளியை இப்படியா திட்டுவது! எழுந்து ஓடினேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். சுமனும் பதிலுக்குக் குரலை உயர்த்திவிட்டார். “நீங்கதான் இங்க போடச் சொன்னீங்க!”

“நானா? நா எப்பச் சொன்னேன்?”

“இப்ப! இப்பதான் சொன்னீங்க!”

வட்டமே சிரித்தது. சுமன் திரும்பி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ச்சி. “சார், என்னைத் திட்டுறாங்க!” என்று தமிழில் கத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மாதத்தில் அவரை யாரும் திட்டியதில்லை. நம்மில் ஒருத்தி என்று நினைத்தால்தானே திட்டுவார்கள்?

பத்து மணிக்குள் கல்யாணம், நாத்தனார், விலைவாசி எல்லாம் அவர் பேச்சில் வந்துவிட்டது. நர்ஸ் என்ற செய்தியை அவரே சொல்லிக்கொண்டார். திரும்புவதற்கு 1.40 பஸ். நிறுத்தத்தில் நிற்கும்போது வட்டத்தில் இருந்த பெண்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். இருபது வயதுகூட இராது. பழக்கதோஷம், பாருங்கள்: “என்னம்மா, என்ன வேணும்?” என்று நான் முன்னால் போய்விட்டேன். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். தை மாதத்துப் பெண்ணின் குனிந்த தலை ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. செல்லத்தையும் கூட்டிக்கொண்டு நானே தூரப் போனேன்.

இருவரும் ஒரு புன்னைமர நிழலில் நின்று பேசினார்கள். சுமன் கேட்பதும் அவள் சொல்வதும், சுமன் மறுபடி கேட்பதும். பஸ் வந்தது. டிரைவரிடம் ஐந்து நிமிஷம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். “பொம்பளைங்க பேச்சு அஞ்சு நிமிசத்துல முடியுமாங்க?” என்றார். ஆனால் நிறுத்தினார், நல்ல மனுஷன்.

பஸ்ஸில் கேட்டேன், அந்தப் பெண்ணுக்கு என்ன என்று. சுமன் நிதானமாக, தமிழில் சொன்னார்: “சார், அது எங்கிட்டச் சொன்னது. ஒங்களுக்கு எதுக்கு?” செல்லம் அறந்தாங்கி வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

புதன்கிழமை அந்தப் பெண்ணைக் காளியம்மாவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். நான் வழக்கம்போல வராந்தாவில் நின்றேன். டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருக்க, சுமன் என்னிடம் வந்து, “சார், நீங்க வீட்டுக்குப் போங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம், கணவருக்கு மாற்றல் வரும்வரை, அந்த வார்டில் அவர்தான் இருந்தார்.

வாசகருக்குச் சொல்வது இதுதான். கட்டுமாவடிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. மருமகளைச் சுற்றுலா காட்டக் கூட்டிப்போகாதீர்கள். பத்துப் பேர் கைவேலையாக இருக்கிற இடத்தில், அவர்கள் சம்மதித்தால், உட்கார வையுங்கள். கரைக்குப் போவதானால் ஆறரைக்குள் போய்விடுங்கள், மீன் பட்டாலும் பரவாயில்லை என்கிற பழைய சேலையாகக் கட்டச் சொல்லுங்கள். பஸ் நேரமெல்லாம் இப்போது மாறியிருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். “நல்லா பேசுறீங்களே” என்று யாராவது புகழ்ந்தால் அந்த இடத்தில் பயன் இல்லை, அடுத்த இடம் பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், நீங்களும் உங்கள் மகனும் கண்ணில் படாத தூரத்தில் இருப்பது. கஷ்டம்தான். உதவி செய்கிறோம் என்று நினைத்து ஆறு மாதம் குறுக்கே நின்றவன் சொல்கிறேன்.

அந்தக் கட்டுமாவடிப் பெண்ணுக்கு என்ன உபாதை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குணமாகிப் போனாள், அது மட்டும் தெரியும். சுமன் பிற்பாடு ஒரு நாள் செல்லத்திடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், தமிழில்தான். ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்ல மாட்டேன் என்கிறாள்.