பச்சைப் பூச்சியம்

கணினிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நம்பியிருந்தேன். நான் மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவன். அங்கே ‘பீப்’ என்று ஸ்கான் பண்ணிவிட்டால் பெட்டி பிழையான இடத்துக்குப் போகாது. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த என் அக்காவின் கைப்பட்டியையும் தாதி அப்படித்தான் ‘பீப்’ பண்ணினார். எனக்கு நெஞ்சு ஆறிவிட்டது.

மற்றப்படி நான் பெரிய வீரன். வார்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் அக்கா போய்விட்டார் என்று நடைவழிக்கு ஓடுவேன். ஒருமுறை தாதியை இழுத்தே வந்துவிட்டேன். அலறியது என் கைத்தொலைபேசி.

“எனக்கு முன்னம் நீ செத்திடுவாய் போல கிடக்கு,” என்றார் அக்கா.

தாதி என்மேல் இரக்கப்பட்டு, சில்லு வைத்த மேசையை உருட்டித் திருப்பிக் கணினித் திரையைக் காட்டினார். வலி என்ற வரி முழுக்கப் பச்சை நிறத்தில் பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.

“வயித்துக்கு உள்ளுக்கை கொதிக்குதடா,” என்றார் அக்கா.

“கொம்பியூட்டரே சொல்லுது, உனக்கு ஒண்டுமில்லையாம். சும்மா நடிக்கிறாய்.”

அக்கா சிரிக்கவில்லை. முனகவும் மாட்டார், பக்கத்துக் கட்டில்காரிக்கு நித்திரை கெட்டுக் கரைச்சலாம்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதனால் தாதி கேள்வி கேட்கும் நேரத்தில் முதல்முறையாகப் பக்கத்தில் இருந்தேன். அக்காவின் பிரெஞ்சு போன்ஜூரோடும் மெர்சியோடும் முடிந்துவிடும். ஆகவே தாதி ஆங்கிலத்தில், “பெயின்?” என்றார். அந்தச் சொல் அக்காவுக்குத் தெரியும்.

“நோ... நோ,” என்றார் வயிற்றைத் தடவி.

தாதி புன்னகைத்தபடி பூச்சியத்தைத் தட்டினார்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு நோ என்றால் வலி.

“நோ மீன்ஸ் யெஸ்!” என்று கத்தினேன். தாதி பார்த்த பார்வையில், காவலாளியைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலடியில் குந்தி, முகத்தைக் கோணி நடித்துக் காட்டினேன். தாதி சிரித்துக்கொண்டே அக்காவின் வயிற்றில் கைவைத்தார். சிரிப்பு நின்றது. மருத்துவர்கள் ஓடி வந்தார்கள்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா கேட்டார்: “அவவுக்கு என்னடா சொன்னனீ?”

“உனக்கு நோகுதெண்டு.”

“அதைத்தானேடா நானும் சொன்னனான்.”

உள்ளே போட்ட தையல் விட்டு, சீழ் வயிறெங்கும் பரவியிருந்தது. திரும்பவும் ஆபரேஷன் செய்தார்கள். அக்கா கண் விழிக்கவில்லை.