நாலு விரல் குறைந்த கூரை

அந்தத் தெருவில் அவளைத் தையலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சட்டை தைக்கிற ஆள் இல்லை அவள். திரைச்சீலை, சோபா உறை, பஸ் சீட் உறை என்று கனத்த துணியோடு மல்லுக்கு நிற்கிறவள். யார் வேலை கொண்டுவந்தாலும் டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"துணி தண்ணில பட்டுச்சா?"

தொழிலுக்கு வந்த முதல் வருஷம் கேட்காமல் விட்டதன் பலன் அது. ஒரு வீட்டில் பழைய சோபா உறையைக் கொடுத்து இதே மாதிரி புதுசு வேண்டும் என்றார்கள். இவளும் பழசை விரித்து அதன் மேலேயே வெட்டிவிட்டாள். பழசு பத்து தடவை துவைத்துச் சுருங்கிய உறை. புது உறை சோபாவின் பாதியிலேயே நின்றுவிட்டது. வீட்டு ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட கேள்வியை இருபத்திரண்டு வருஷமாக அவள் விடவில்லை.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் குறை சொல்ல முடியாது. அவர் கைவைத்த லிஃப்ட் நடு மாடியில் நின்றதாகச் சரித்திரம் கிடையாது. அந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் வீட்டு வாசலோடு சரி. உள்ளே வந்துவிட்டால் பிடித்தது பிடிதான், சொன்னது சொன்னதுதான். அப்படித்தான் ஒருநாள் இன்சூரன்ஸ் கம்பெனி ஏலத்தில் ஒரு காரை எடுத்துவிட்டு வந்து நின்றார். கூரையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு காற்று வாங்கியபடியே போகிற பெரிய இடத்துக் கார். பட்டனை அமுக்கினால் கூரை தானாகத் திறக்குமாம், தானாக மூடுமாம். அவர் சொன்னபோது அது லாரியின் மேல் கயிறு கட்டிக் கிடந்தது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் எதுவும் நடக்கிற நிலையில் இல்லை.

"பின்னாடி லேசா இடிச்சிருக்கு, அவ்வளவுதான். ஒரு மாசத்துல ஓட்டிக் காமிக்கிறேன்."

வண்டியை எங்கே நிறுத்துவது? வீட்டை ஒட்டி ஒரு பெரிய ஷெட் இருந்தது. அதுதான் தையலக்காவின் வேலை அறை. பன்னிரண்டு அடி நீள வெட்டு மேஜை அங்கேதான் கிடந்தது. ஒரு மாசம்தானே என்று தலையாட்டினாள். மேஜையை இரண்டாகக் கழற்றிக் கொல்லைப்புறத்தில் சாய்த்தார்கள். தையல் மெஷின் சாப்பாட்டு மேஜைக்கு இடம் மாறியது.

அந்த ஒரு மாசம் பத்தொன்பது மாசமாக நீண்டது.

அந்தப் பத்தொன்பது மாசத்தில் கார் ஷெட்டுக்குள் மட்டும் இருந்திருந்தால் அவள் பொறுத்திருப்பாள். அது வீட்டுக்குள்ளேயே நடந்து வந்தது. கதவு இரண்டும் நடையில் சாய்ந்து நின்றன. தலைமாட்டு அலமாரியில் விளக்குகள். பம்பர் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. நாத்தனார் பக்கத்து வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் கூடத்தில் கிடந்த தோல் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "வண்டி கிளம்பிடுச்சா அண்ணி? எனக்குக் கொஞ்சம் அவசரம்," என்பாள். தையலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நாத்தனாரின் மேல் என்ன தப்பு? சிரிக்கிற மாதிரி வீட்டை வைத்துக்கொண்டு சிரிக்காதே என்றால் எப்படி?

நடுவில் காரின் வயரையெல்லாம் மூட்டை மூட்டையாகப் பிடுங்கி வெளியே போட்டார். ஏன் என்று கேட்டதற்கு எலி கடித்துவிட்டது என்றார். எலி என்றதும் அவளுக்குத் துணிகளின் நினைப்பு வந்துவிட்டது. மூன்று பொறி வாங்கி ஷெட்டின் மூலைக்கு ஒன்றாக வைத்தாள். மூன்று மாசம் தினமும் காலையில் குனிந்து குனிந்து பார்த்தாள். ஒரு எலிகூட விழவில்லை. கெட்டிக்கார எலிகள் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பள்ளிக்கூட வேலை வந்தது. கலையரங்க மேடைக்குத் திரை வேண்டும், முழு மேடைக்கும், அடர்ந்த வெல்வெட்டில். அவளுக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. பள்ளிக்கூடத்து அலுவலக அம்மா வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார். அதற்குமேல் வேறு ஆளைப் பார்ப்பார்கள். மேடைத் திரையைச் சாப்பாட்டு மேஜையில் வெட்ட முடியாது. தலைகீழாக நின்றாலும் முடியாது. அவளுக்கு அவள் அறை வேண்டும்.

அறை வேண்டுமென்றால் கார் தெருவுக்குப் போகவேண்டும். நம்பர் இல்லாத வண்டியைத் தெருவில் நிறுத்தினால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நம்பர் வேண்டுமென்றால் தகுதிச் சோதனையில் தேறவேண்டும். அதற்கு மூன்று மாசம் காத்திருந்து கிடைத்த தேதி வியாழக்கிழமை. அதை விட்டால் இன்னும் மூன்று மாசம். ஆக, ஜென்ம விரோதியான அந்தக் கார் எப்படியாவது தேறவேண்டும் என்று அவளே வேண்டிக்கொள்ளும்படி ஆகிவிட்டது. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

எஞ்சின் ஓடியது. பிரேக் பிடித்தது. விளக்குகள் எரிந்தன. பாக்கி கூரை மட்டும்தான். பழைய துணிக் கூரை வெளுத்துக் கிழிந்து கிடந்தது. கம்பெனிக் கூரை வந்து சேர வருஷமாகும் என்றார்கள்.

"நீயே தைச்சுடேன்," என்றார் லிஃப்ட்காரர், ஏதோ தலையணை உறை கேட்பதுபோல. "பழச அப்படியே பார்த்து வெட்டிடு."

அவள் டேப்பை எடுக்கவில்லை. வழக்கமான கேள்வியைக் கேட்டாள். கட்டின புருஷன் என்பதற்காக அதில் சலுகை கிடையாது.

"துணி தண்ணில பட்டுச்சா?"

"இல்லையே," என்றார். அதோடு நிற்காமல் டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். அவள் அளக்க அளக்க எண்களைத் தாளில் எழுதியும் கொடுத்தார். தையலைப் பிரித்தபோது மடிப்புக்குள் நைசான மண் இருந்ததை அவள் பார்த்தாள். ஏல மைதானத்துப் புழுதி என்று ஊதித் தள்ளிவிட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் புதுக் கூரையை ஏற்றினார்கள். பின்பக்கம் பிசிறில்லாமல் உட்கார்ந்தது. அவர் முன்பக்கத்துச் சட்டத்தை இழுத்து மூடினார். கண்ணாடியின் மேல்விளிம்பை அது தொடவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். கொக்கிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நாலு விரல் அகலம் வானம் தெரிந்தது.

அவளுக்கு அந்தப் பழைய சோபா அப்படியே கண் முன்னால் வந்து நின்றது.

"அளக்கறப்ப எங்கயோ தப்பு பண்ணிட்டேபோல," என்றார் அவர்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவள் பழைய கூரையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் போட்டு விளக்கைக் கீழே இழுத்தாள். தாளில் இருந்த அளவும் துணியில் இருந்த அளவும் ஒன்றாகவே இருந்தன. அளவில் தப்பில்லை. பிறகு தையல் ஓட்டைகளை எண்ணினாள். குறுக்குவாட்டில் ஒரு சாணுக்கு நாற்பது ஓட்டை. நெடுக்குவாட்டில் நாற்பத்திரண்டு. கம்பெனி மெஷின் பக்கத்துக்கு ஒரு கணக்கு வைத்துத் தைக்காது. நெடுக்குவாட்டில் துணி சுருங்கியிருக்கிறது. எந்தத் துணியும் சும்மா இருந்து சுருங்காது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படியில் வந்து நின்றார்.

"ஏங்க, இது தண்ணில கெடந்த வண்டிதானே?"

அவர் கைத்துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். எவ்வளவு தண்ணி?"

"ரொம்ப எல்லாம் இல்ல."

"எவ்வளவு?"

"கண்ணாடி வரைக்கும்."

"எத்தனை நாள்?"

"அஞ்சு நாள்னு ஏலத்துல சொன்னாங்க. வெள்ளத்துல மாட்டின வண்டின்னு சொன்னா நீ உள்ளயே விட்டிருக்க மாட்டே. அதான்..."

"கூரை?"

"உள்ள மடிச்சு இருந்துச்சு. அப்படியே எட்டு மாசம் காஞ்சிருக்கு."

அவளுக்கு வேறொன்று அப்போதுதான் உறைத்தது.

"அப்போ எலி?"

அவர் திருதிருவென்று விழித்தார். மூன்று மாசம் அவள் குனிந்து பார்த்த எலி, சேற்றுத் தண்ணீரில் ஊறிப்போன வயர். பொய்க்குப் பொய் முட்டுக்கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார் மனுஷர். லிஃப்டில் ஒரு திருகாணி ஆடினால் தூக்கம் வராத ஆள். பக்கத்தில் நின்று, டேப்பைப் பிடித்துக்கொண்டு, தப்பான அளவை அவள் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கார் நனைந்ததுகூட அவளுக்குப் பெரிதில்லை. தன்னுடைய கேள்விக்கு இவர் இல்லை என்றாரே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை பேரும் அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

"சுருங்கும்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா," என்றார்.

"தெரிஞ்சுக்கத்தானே நான் கேட்டேன்?"

அவளுக்குச் சண்டை போட நேரமில்லை. வியாழக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள். புதுத் துணி வரப் பத்து நாளாகும்.

செவ்வாய்க்கிழமை காலையில் கூரையைக் கழற்றிப் போட்டுப் பிரிக்க ஆரம்பித்தாள். யார் அளவையும் முழுசாக நம்புகிற பழக்கம் இல்லாததால் ஓரங்களில் கொஞ்சம் துணி உள்ளே மடித்து விட்டிருந்தாள். அதை எடுத்துவிட்டதில் இரண்டு விரல் கிடைத்தது. பாக்கி இரண்டு விரலுக்கு ஒரு பட்டை வேண்டும். கனத்த துணியாக, தண்ணீர் இறங்காததாக வேண்டும். வீடு முழுக்கத் தேடினாள்.

காரை வாங்கிய வாரமே, எஞ்சின் உயிரோடிருக்கிறதா என்றுகூடத் தெரியாதபோது, லிஃப்ட்காரர் அதற்கு ஒரு போர்வை வாங்கியிருந்தார். வெள்ளிச் சாம்பல் நிறத்தில், தண்ணீர் ஒட்டாத உயர்ந்த ரகம். ஷெட்டுக்குள் நிற்கிற காருக்கு மேலே அதைப் போர்த்தி, சுருக்கம் நீவி, தள்ளி நின்று பார்ப்பார். கல்யாணமாகிப் போன மகளைச் சின்ன வயசில்கூட அவர் அப்படிப் போர்த்திவிட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

அவர் வேலையிலிருந்து வந்தபோது போர்வையின் நடுவில் நீளமாக ஒரு பட்டை காணாமல் போயிருந்தது. வாயைத் திறந்தார்.

"மூடத்தானே வாங்கினீங்க. மூடட்டும்," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

கறுப்புக் கூரையில் பின்பக்கமாக ஒரு சாம்பல் பட்டை. புதன்கிழமை அதை ஏற்றியபோது கொக்கி தானாகக் கண்ணாடியைத் தேடிப்போய்க் கடித்துக்கொண்டது. தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது. அதை அவள் சொல்லவும் இல்லை.

வியாழக்கிழமை அவளும் கூடவே போனாள். சோதனை அதிகாரி விளக்கைப் போட்டார், பிரேக்கை மிதித்தார், கொக்கியை ஆட்டிப் பார்த்தார். பட்டையைத் தடவினார்.

"இது கம்பெனில போட்டதா?"

"வீட்ல போட்டது சார்," என்றார் லிஃப்ட்காரர்.

"தையல் நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார் அதிகாரி. பத்தொன்பது மாசத்தில் அந்தக் காரைப் பற்றி அவள் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அது எரிச்சலாகவும் இருந்தது.

திரும்பி வரும் வழியில் இரண்டு பக்கமும் மரங்கள் நின்ற நீளமான சாலை. இளவெயில். லிஃப்ட்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். கூரையைத் திறக்கும் பட்டனை நோக்கி அவர் விரல் மெதுவாகப் போனது. இந்த நிமிஷத்துக்காகத்தான் அவர் பத்தொன்பது மாசம் கழித்திருக்கிறார். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"அமுக்காதீங்க. கிழிஞ்சிடும்."

விரல் அப்படியே நின்றது.

"பட்டையை இழுத்துப் பிடிக்க வேற வழி இல்ல. பின்னாடி இரும்புச் சட்டத்தோட சேர்த்துத் தைச்சு ரிவிட் அடிச்சிருக்கேன். இது மடங்காது."

"மடங்காதா?"

"மூடி நிக்கும். அவ்வளவுதான்."

அவர் பட்டனைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மூன்று கார்கள் அவர்களைக் கடந்து போயின.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ."

"ஆமா. சொல்லியிருக்கலாம்."

அவர் காது மடல் சிவந்ததை அவள் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "எப்ப திறக்கிற மாதிரி தைப்பே?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துத் திரை முடியட்டும். அதுக்கப்புறம் எல்லாரையும் மாதிரி வந்து நில்லுங்க. துணி தண்ணில பட்டுச்சான்னு கேப்பேன்."

"பட்டுச்சு," என்றார் அவர், அப்போதே.

பத்தொன்பது மாசத்துக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டிய பதில். அவளுக்கு அது போதவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் கார் நம்பரோடு தெருவில் நின்றது. நாத்தனாரும் அவரும் ஆளுக்கொரு முனையாக வெட்டு மேஜையைத் தூக்கிவந்து பூட்டினார்கள். தையலக்கா பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, வேலையை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். அறையைக் கூட்டும்போது மூலைக்கு ஒன்றாக அந்த மூன்று எலிப்பொறிகளும் கிடைத்தன. தூசியைத் தட்டி, தெருவுக்குக் கொண்டுபோய், காரின் ஓட்டுநர் சீட்டில் வரிசையாக வைத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடுகிற சத்தம் கேட்கவில்லை. அவள் வெட்டு மேஜையில் டேப்பை விரித்துத் திரைக்கான முதல் அளவைக் குறித்தாள். மறுமுனையைப் பிடிக்க யாரையும் கூப்பிடாமல், கத்தரிக்கோலை அதன் மேல் வைத்துக்கொண்டாள்.