மழையைப் பற்றி எழுதியபோது

மலேசியாவின் செனாவாங்கில் தொழிற்சாலை ஷிப்டு முடிந்து வந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும்வரை எனக்குக் கிடைத்த இடைவெளியில்தான் அந்த வலைப்பூவை எழுதத் தொடங்கினேன். பெடாஸ் பக்கம் நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்து, ஆட்கள் ஆளுக்கொரு ஊராகப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. யாருடைய தொலைபேசி எண்ணும் என்னிடம் இல்லை. பேச ஆளில்லாமல் எழுதினேன்.

முதலில் வந்தவர் எங்கள் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய அண்ணன். ஜொகூரிலிருந்து பின்னூட்டம் போட்டார். “நீ மேட்டு லயத்துப் பொண்ணுதானே? உங்கப்பா சைக்கிள் மணி இன்னும் காதுல இருக்குலா.” அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு கிள்ளான், சிங்கப்பூர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். நான் நாலு வரி எழுதினால், கீழே பக்கம் பக்கமாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கல்யாணம் என்றால் அழைப்பு அங்கேதான். யாராவது தவறிவிட்டால் பஸ் பிடித்துப் போய் நின்றோம்.

நான் தேடிய ஒருத்தி மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, என் வயதுக்காரி. பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும்போது அவள் குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது.

ஒருமுறை மழையைப் பற்றி எழுதினேன். விடியலில் மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை, அம்மா வீட்டில் இருப்பார், மரவள்ளிக்கிழங்கு வேகும். அந்தச் சந்தோஷத்தை எழுதியிருந்தேன். அதன் கீழே, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி வந்தது: “எனக்கு மழைன்னா தம்பிதான் ஞாபகம்.”

போட்டிருந்த பெயரைப் பார்த்தேன்; அவள்தான். எண் கேட்டு வாங்கிக் கூப்பிட்டேன். தெமியாங்கில் இருக்கிறாளாம். இத்தனை வருடமும் மோட்டார் சைக்கிளில் போய்விடும் தூரத்தில்.

“ஆரம்பத்துலேர்ந்தே படிக்கிறேன். எழுதத்தான் வரல,” என்றாள். “தம்பியைக் காய்ச்சலோட லாரியில ஏத்தினாங்க. மழையில லாரி சேத்துல மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே இல்ல. ஞாபகம் இருக்கா?”

அவன் இறந்தது ஞாபகம் இருந்தது. அன்று மழை பெய்தது எனக்கு நினைவில் இல்லை.

“அந்தப் பதிவை எடுத்துடட்டுமா?”

“வேணாம்லா. அவனையும் எழுது. அம்மா அழுவாங்கன்னு வீட்டுல அவன் பேச்சையே எடுக்கிறதில்ல. போட்டோவும் இல்ல. மொகமே மறந்துபோச்சு.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பின்னூட்டங்கள் வரத் தொடங்கின. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவான் என்றார் ஒருவர். டிராக்டர் அண்ணன் எழுதினார்: “மடியில உட்கார வச்சு ஸ்டீரிங் பிடிக்க விடுவேன். சிரிச்சா இடது கன்னத்துல குழி விழும்.”

அவள் கூப்பிட்டாள். “குழி விழும். ஆமாடி, ஆமா.”

புதைத்த இடம் தனக்குத் தெரியும் என்று அண்ணன் ஜொகூரிலிருந்து வந்தார். மூவரும் தோட்டத்துக்குள் போனோம். எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி செம்பனை. அவர் வரிசை வரிசையாக நடந்து பார்த்துவிட்டு ஓரிடத்தில் நின்றார். “இந்தப் பக்கம்தான்மா. இதுக்கு மேல சொல்லத் தெரியல.”

அவள் குந்தி உட்கார்ந்து காய்ந்த ஓலைகளை ஒதுக்கினாள். மண்ணில் கைவைத்து, நிமிராமலே, “அந்த ஸ்டீரிங் கதையைச் சொல்லுங்கண்ணே,” என்றாள். அவர் நின்றபடியே சொன்னார்.

இப்போது எல்லாரும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டார்கள். காலையானால் பூப்படங்களும் வணக்கங்களும் வந்து விழுகின்றன. நீளமாக யாரும் எழுதுவதில்லை. வலைப்பூவில் பின்னூட்டம் நின்றே போய்விட்டது.

போன வாரம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். தேநீர் ஊற்றிக்கொண்டே, “நேத்து தம்பியோட பக்கத்தைத் திறந்து பார்த்தேன்,” என்றாள். “யாராச்சும் புதுசா எதையாவது ஞாபகப்படுத்தி எழுதியிருப்பாங்களோன்னு.”

நானும் பார்த்திருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.