மன்னியின் தீவுப் பயணம்

பித்தளை அண்டா நிறையத் தண்ணீர். அதன் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கறுப்பு ரப்பர் பட்டை போட்ட கண்ணாடி முகமூடியோடு மன்னி குனிந்து தலையை உள்ளே விடுகிறாள். பின்னலை உச்சியில் கொண்டையாகச் செருகியிருக்கிறாள்; அதையும் மீறி ஒரு கற்றை பிரிந்து தண்ணீரில் மிதக்கிறது. மயிலாப்பூர் வீட்டின் குளியலறை. துவைக்கிற கல்லின் மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் மூச்சை அடக்கியிருக்கும்போது பேச்சுக் கொடுக்காமல் இருப்பதும், அம்மா வந்து கதவைத் தட்டினால் என்ன நடக்கிறது என்று உள்ளபடி சொல்வதும் என் வேலைகள். தலை அலசுகிறாள் என்றெல்லாம் பொய் சொல்லக்கூடாது. மன்னி அதில் கண்டிப்பாக இருந்தாள். ஒளிந்துகொண்டு புறப்படுகிற ஊரில்லை அது என்பாள்.

மன்னி என் அண்ணாவின் மனைவி. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். அண்ணா சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வருடத்தில் பெரும்பகுதி கடலில் இருப்பான்; வீட்டுக்கு வந்தால் உப்புக் காற்றில் வெளுத்த ஒரு பெட்டியும், எந்த நேரமும் தூங்குகிற பழக்கமும் கூட வரும். நான் அப்போது அடையாற்றில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். அன்றாடம் நடந்ததை எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு அதற்கும் முன்பிருந்தே உண்டு. ஆகவே இங்கே நான் சொல்வதில் பெரும்பகுதி, அன்றன்று எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அண்டாவும் முகமூடியும் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவற்றை எழுதிவைக்கத் தேவையிருக்கவில்லை.

அண்ணாவின் கப்பல் கரீபியன் கடலில் ஒரு டச்சுத் தீவுக்குப் பெரிய பழுது பார்ப்பதற்காகப் போகவிருந்தது. மாசி மாதம் முழுவதும் அங்கேதான் நிற்கும். அதிகாரிகளின் மனைவிமார் வந்து தங்குவதற்குக் கம்பெனியே பயணச் சீட்டு கொடுக்கும். பக்கத்தில் இன்னொரு சின்னத் தீவு இருப்பதாக அண்ணா எழுதினான். அங்கே கடலுக்கு அடியில் போய்ப் பார்க்கப் படகு வேண்டாம். நம் குளத்துப் படித்துறையில் இறங்குகிற மாதிரி, முதுகில் காற்றுக் குடுவையைக் கட்டிக்கொண்டு கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். இடுப்பளவு ஆழம் தாண்டியதும் பவளப்பாறை சரிவாகக் கீழே போகும். அதன் நெடுக மீன்கள். குடுவையை வாடகைக்குக் கொடுக்கிற டச்சுக்காரர் ஒருவர் கற்றும் கொடுப்பார். ஆனால் நீந்தத் தெரியாதவர்களைத் தண்ணீரில் இறக்கமாட்டார். 'உன்னால் முடியுமா?' என்று கேட்டிருந்தான். முகமூடி அதற்குப் பிறகு விடுமுறையில் வந்த ஒரு கப்பல் நண்பர் மூலம் வந்தது.

மன்னி பதில் எழுதுவதற்கு முன்பே ஏற்பாட்டில் இறங்கிவிட்டாள். என் பள்ளிக்கூட அட்லஸில் அந்தத் தீவு இல்லை. தென்னமெரிக்காவுக்கு மேலே நீலமாக இருந்த இடத்தில் பென்சிலால் தானே ஒரு புள்ளி வைத்தாள். பாஸ்போர்ட்டுக்குப் புகைப்படம் எடுத்தாள். கடற்கரைச் சாலை நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் சேர்ந்தாள். துணைக்கு நானும் போனேன். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் உதைப்பேன். அவள் இரண்டு வாரத்தில் குறுக்கே நீந்தினாள், பிறகு நெடுக்கே. குளத்து மருந்து வாசனை அவள் கூந்தலை விட்டுப் போகவே இல்லை. அம்மா சீயக்காயை மாற்றிப் பார்த்தாள்.

நீச்சல் உடைக்காக மாடவீதியில் எங்களுக்கு வழக்கமாக ரவிக்கை தைக்கும் தையல்காரரிடம் போனோம். மன்னி ஒரு பத்திரிகைப் படத்தைக் காட்டி, அரக்கு நிறத்தில், கை முழங்கை வரையும் கால் முழங்கால் வரையும் வரவேண்டும் என்றாள். அவர் படத்தைத் தலைகீழாகவும் பார்த்தார்.

"இன்னாமா இது? மேலயும் கீழயும் ஒண்ணாத் தச்சிட்டா எது வழியா உள்ள பூர்றது?"

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்திருக்கோம். தண்ணில இருக்கறச்சே கழலக் கூடாது, அவ்வளவுதான்."

"பாப்பாவுக்கா?"

"எனக்கு."

அவர் மன்னியை ஒரு முறை பார்த்தார். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டார். "முதுகுல ஜிப்பு வச்சிக் குடுக்கிறேன். துணி சாயம் போவாததா பாத்து வாங்கிக்கினு வா. அப்பால கடலே செவப்பாயிடுச்சின்னு என்னிய சொல்லாதே" என்றார். அந்த அரக்கு நிற உடை அவர் கையால் நேர்த்தியாக வந்தது. இடுப்பில் ஒரு சின்னச் சுருக்கு வைத்திருந்தார். நாங்கள் கேட்காதது அது.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் தடுத்ததில்லை. இதைப் பிறருக்குப் புரியவைப்பது கடினம். அப்பா எதற்கும் "அம்மாவைக் கேளு" என்பார். அம்மா "ஆகட்டும்" என்பாள். அதற்கு முன்னால் எப்போதும் இன்னொன்று ஆகவேண்டியிருக்கும். கொலு ஆகட்டும், ஸ்ராத்தம் ஆகட்டும், மழைக்காலம் ஆகட்டும். ஒன்று ஆனதும் அடுத்தது வந்து நிற்கும். பூட்டியிருந்தால் உடைக்கலாம், திறந்தே கிடக்கிற கதவில் எதை உடைப்பது என்று மன்னி ஒரு நாள் கேட்டாள்.

பாஸ்போர்ட் வந்த பிறகு அம்மாவுக்கு முதல் சந்தேகம் வந்தது. சமுத்திரத்தை நினைத்தபோதெல்லாம் தொடக்கூடாது; அமாவாசை, பௌர்ணமி போன்ற பர்வ நாட்களில்தான் ஸ்நானம். சேதுவில் மட்டும் எந்த நாளும் குளிக்கலாம். மெரினாவுக்குப் போனாலும் அலை காலில் படாத தூரத்தில் உட்காருகிறவள் அம்மா. மன்னி வாதாடவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்து மாசி அமாவாசையைக் கண்டுபிடித்து, அன்றைக்கே கடலில் இறங்குவதாக அண்ணாவுக்கு எழுதினாள். அண்ணா போய் டச்சுக்காரரிடம் சொல்ல, அவர் வியந்துபோய், உங்கள் ஊர்ப் பெண்களுக்கு நிலாவையும் நீரோட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடத் தெரியும் போலிருக்கிறதே என்றாராம்.

அம்மா அதோடு விடவில்லை. அங்கே அமாவாசை எப்போது பிறக்கும் என்று கேட்டாள். நமக்குப் பகலென்றால் அவர்களுக்கு ராத்திரியாமே. தர்ப்பணம் செய்துவைக்க வந்த வாத்தியாரைக் கேட்டார்கள். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக யோசித்தார்.

"மாமி, இது கர்ம பூமி. திதி, நட்சத்திரம் எல்லாம் இங்கே இருக்கறவாளுக்கு. அது போக பூமி. அங்கே எல்லா நாளும் ஒரே நாள்தான். எப்ப வேணா முழுகலாம், தோஷமே ஒட்டாது."

"அப்போ புண்ணியம்?"

"அதுவும் ஒட்டாது."

மன்னி சமையலறைக்குள் போய்ப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சந்தோஷமாக இருந்த கடைசி வாரம் அது என்று இப்போது தெரிகிறது. கறிவேப்பிலைப் பொடி இடித்தோம். சுண்டைக்காய் வற்றல் கட்டினோம். டச்சுக்காரருக்கு என்று ஒரு கைத்தறித் துண்டு வாங்கிவந்தாள்.

அடுத்த தடையாக நான் வந்தேன். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் வீட்டில் இல்லாதபோது மாட்டுப்பெண் தனியாகக் கடல் தாண்டிப் போய், ஒட்டினாற்போல் உடை போட்டுக்கொண்டு முழுகுகிறாள் என்று தெரிந்தால் யார் இந்த வீட்டில் பெண் எடுப்பார்கள்? அம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. நெய் காய்ச்சிக்கொண்டே, எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை நினைவுபடுத்துகிறவளைப் போலச் சொன்னாள்: "இவளுக்கு ஒரு இடம் ஆகட்டும். மறு நாளே நீ கிளம்பு. நானே ஸ்டேஷனுக்கு வந்து ஏத்தி விடறேன்." பம்பாய் வரை ரயிலில் போய்த்தான் விமானம் ஏறவேண்டும். மன்னி தலையை ஆட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. அதன் பிறகு நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருக்கும்போது பேச்சு கொஞ்சம் குறைந்தது. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் போகும் வழியில் நிற்கிற தூணாக நான் ஆகிவிட்டேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. விலகிக்கொள்ளவும் வழியில்லை.

கார்த்திகைக் கடைசியில் அசோக் நகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நல்ல மனிதர்கள்தான். பையன் எந்தக் கேள்விக்கும் தன் அம்மாவை ஒரு முறை பார்த்துவிட்டுப் பதில் சொன்னான். காபி எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்டதற்கும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையை விட்டுவிடவேண்டும் என்றார்கள். ஜாதகம் பொருந்தியது. அன்றைய பக்கத்தில் 'முடிவு நாளை சொல்வதாகச் சொன்னேன்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மறுநாள் காலையில் சம்மதம் என்றேன். அம்மா முகம் மலர்ந்ததை அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. பூஜை அறையில் விளக்கை ஏற்றிவிட்டு, முதல் காரியமாக மன்னியைக் கூப்பிட்டு, "பெட்டி எடுத்து வை. தை பொறந்ததும் முகூர்த்தம். ஆனதும் கிளம்பு" என்றாள். சொன்ன சொல் தவறாதவள்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போதுதான் மன்னி கேட்டாள். பிடித்திருக்கிறதா என்றாள். பரவாயில்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்; கையிலிருந்த புடவையை மடிப்பதை நிறுத்தவில்லை.

"பரவாயில்லைன்னு புடவைதான் வாங்கலாம்."

"மாசி போயிட்டா அவ்வளவுதானே, மன்னி? கப்பல் நிக்குமா உங்களுக்காக?"

"அதுக்கு நீ போய் அசோக் நகர்ல மாட்டிக்கணுமா? இந்தாத்துல மாட்டிண்டது நான் ஒருத்தி போறும்டி."

துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன். கூடத்தில் அம்மா அப்பாவிடம் முகூர்த்த நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மன்னி நின்ற இடத்திலிருந்தே, குரலை உயர்த்தாமல், "அவளுக்கு இஷ்டமில்லைம்மா. எனக்காகச் சரின்னுட்டா. வேண்டாம்னு சொல்லி அனுப்பிடுங்கோ" என்றாள். அப்பா பத்திரிகையை மடித்தார். அம்மா என்னைப் பார்த்தாள். என் முகத்தில் அவளுக்கு வேண்டிய விடை இருந்திருக்கவேண்டும். "அப்போ உன் பயணம்?" என்றாள் மன்னியிடம். "அது இல்லை" என்றாள் மன்னி. உலர்ந்த துணிகளைப் பிரித்து அவரவர் அடுக்கில் வைக்கப் போனாள்.

அம்மா கொடியவளாக இருந்திருந்தால் எனக்கு எழுதுவது எளிதாக இருந்திருக்கும். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. ஆனால் நிபந்தனையையும் தளர்த்தவில்லை. தளர்த்தலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவளைக் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனை யார் கையில் இருந்தது என்று அவளுக்கும் தெரியாது.

மாசி வந்தது. அமாவாசை அன்று மன்னி என்னையும் அழைத்துக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போனாள். ஆழமான பக்கத்தில் இறங்கி அடித்தளத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டாள். மேலிருந்து பார்த்தால் அரக்கு நிறத்தில் ஒரு மூட்டை கிடப்பதுபோலத் தெரிந்தது. காவலுக்கு இருந்த அம்மாள் பதறிப்போய், "ஐயோ, பொண்ணு எழுந்திரிக்கவே காணோமே" என்று விசிலை ஊதினாள். மன்னி மேலே வந்து, கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, கீழே ஒரு கொண்டை ஊசி கிடந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். அண்ணா தனியாகவே அந்தத் தீவுக்குப் போய்வந்து, தாளின் இரண்டு பக்கமும் மீன்களைப் பற்றி எழுதினான். அவள் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். அதன் பிறகு குளத்துக்கும் போகவில்லை. முகமூடி சில காலம் மிளகாய் வறுக்கும்போது பயன்பட்டது.

எனக்கு முப்பது வயதில், நான் விரும்பிச் சம்மதித்த ஒருவரோடு தியாகராய நகரில் ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் அம்மா மன்னியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆயிடுத்து. இப்போ போய்ட்டு வா" என்றாள். உண்மையாகவே சொன்னாள். அத்தனை வருடமும் அவள் அதை மறக்கவில்லை. அதற்குள் அண்ணா கடலை விட்டுவிட்டுக் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருந்தான். மன்னியின் இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. "எங்கேம்மா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு ஊரின் பெயர் ஞாபகம் வரவில்லை.

இப்போது அம்மா இல்லை. அண்ணாவும் மன்னியும் கோட்டூர்புரத்தில் ஒரு குடியிருப்பில் இருக்கிறார்கள். அண்ணாவுக்கு உடம்பு சரியில்லாததால் அவள் அதிகம் வெளியே வருவதில்லை. என் கணவருடைய நண்பர் மகன் ஒருவன் வேலைக்குப் போன ஆறே மாதத்தில் அதே மாதிரி ஏதோ ஒரு தீவுக்குப் போய், கரையிலிருந்தே கடலுக்குள் நடந்து இறங்கி எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டினான். யாரைக் கேட்டுவிட்டுப் போனாய் என்று என் வாயில் வந்துவிட்டது. லீவு கேட்டேன், கொடுத்தார்கள் என்றான்.

போன சனிக்கிழமை மன்னி அடையாற்றுக்கு என் வீட்டுக்கு வந்திருந்தபோது, அவன் விட்டுப்போன அந்தப் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இத்தனை காலமும் கேட்காததைக் கேட்டேன்: அன்றைக்கு மாடியில் என் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் போயிருப்பீர்களா என்று.

"போயிருப்பேன்டி. போகாம என்ன? ஆனா அங்கே அத்தனை மீனுக்கும் உன் மூஞ்சின்னா இருந்திருக்கும்."

படங்களை ஓரம் தட்டி ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்தாள். அண்ணாவுக்கு மாத்திரை கொடுக்கிற நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டாள். பஸ் நிறுத்தம் வரை நானும் கூடப் போனேன்.