நான் அனுப்பிவைத்த காய்ச்சல்

போன வாரம் ஏன் அவ்வளவு சோர்வாக எழுதியிருந்தீர்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன், செவ்வாய்க்கிழமை காலை ஆறரை. ஏழாவது படிக்கும் என் மகள் யாழினியை எழுப்பப் போனால், நெற்றி கொதிக்கிறது. தெர்மாமீட்டர் நூற்றியொன்று காட்டியது.

"அம்மா, ஐ ஃபீல் டெரிபிள்."

மற்ற நாளாக இருந்தால் லீவு. ஆனால் அன்றைக்கு ப்ரெசன்டேஷன்! ஸ்பானியர்கள் அஸ்டெக் சாம்ராஜ்யத்தைப் பிடித்த கதை. அதுவும் மேஜர் கிரேட், மொத்த மார்க்கில் பெரும் பங்கு. நாங்கள் இருக்கும் இந்தக் கேட்டி ஊரில் நம்மவர்கள் நாலு பேர் ஒரு பர்த்டே பார்ட்டியில் சேர்ந்தால், கேக் வெட்டுவதற்குள் யார் பிள்ளை எதில் எத்தனை என்று தெரிந்துவிடும்.

ஆபீசில் நான் ப்ராஜெக்ட் மேனேஜர். மண்டைக்குள் ஷெட்யூல் தானாக ஓடியது. ஏழு மணிக்கு மருந்து கொடுத்தால் நாலு மணி நேரம் தாங்கும். ப்ரெசன்டேஷன் இரண்டாவது பீரியட். பதினோரு மணிக்கு டென்டிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் என்று சொல்லிக் கூட்டிவந்துவிடலாம்.

மருந்தில்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாதிருந்தால்தான் ஸ்கூலுக்கு வரலாம் என்று ரூல் இருக்கிறதே? இருக்கிறது. வருட ஆரம்பத்தில் அந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டதே நான்தான்.

காரில் ஒத்திகை. ஏரி நடுவே ஒரு பெரிய நகரம். வந்த ஸ்பானியர்களைப் பேரரசர் மாலை போட்டு, அரண்மனையிலேயே தங்கவைக்கிறார். வந்தவர்கள் அவரையே சிறைபிடிக்கிறார்கள். பிறகு கோயில் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களைச் சூழ்ந்துகொண்டு வெட்டுகிறார்கள். கொதித்தெழுந்த மக்கள் அவர்களை அடித்து விரட்டுகிறார்கள். ஜெயித்தாயிற்று என்று நினைக்கும்போது... பெரியம்மை. ஸ்பானியர்களின் கப்பலில் வந்த நோய். வீட்டுக்கு வீடு எல்லோரும் படுத்துவிட, ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை. அடுத்த வருடம் ஸ்பானியர்கள் வந்து முற்றுகையிட்டபோது, அந்த ஊர் ஏற்கெனவே பாதி செத்திருந்தது.

என் மகள் இதைக் காய்ச்சலோடு சொல்லிக்கொண்டு வருகிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கொஞ்சம் சத்தமா பேசுடி. கண்ணைப் பாத்துப் பேசு. ஐ கான்டாக்ட் முக்கியம்."

பதினோரு மணிக்குப் போய்ப் பொய் சொல்லி அழைத்துவந்தேன். தொண்ணூற்றெட்டு மார்க்காம். கூடச் சேர்ந்து பேசிய கமிலா சந்தோஷத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டாளாம். மத்தியானம் க்ளினிக்கில் டெஸ்ட் எடுத்ததில் ஃப்ளூ. நான் ஸ்கூலுக்குச் சொல்லவில்லை. கமிலா வீட்டுக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கமிலாவின் அம்மாவிடமிருந்து மெசேஜ்: "கமிலாவுக்கு ஃப்ளூ. அவளிடமிருந்து அவள் தம்பிக்கும் வந்து, அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். அவன் கீமோவில் இருக்கிறான். யாழினி கமிலாவோடு ஒட்டியே இருந்தாள் இல்லையா? காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐயாம் ஸோ சாரி."

என்னிடம்... அவள் சாரி கேட்கிறாள்!

போனை என் கணவரிடம் நீட்டினேன்.

"எங்கேர்ந்து வேணா வந்திருக்கலாம். நம்மதான்னு எதுக்கு நீயே போய் சொல்ற?" என்றார். அவர் நல்ல மனிதர்தான். அந்த நிமிடம் எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

யாழினி சோபாவில் போர்வைக்குள் இருந்தாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண். அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, வாளால வெட்டினது எல்லாம் அவங்க தெரிஞ்சே பண்ணினது. ஆனா பெரியம்மையைக் கொண்டுட்டு வந்தது அவங்களுக்கே தெரியாது. என் ஸ்லைடுல இருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "உனக்குத் தெரியும்."

கணவர் டிவியை அணைத்தார்.

காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கமிலாவின் அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே யாழினிக்குக் காய்ச்சல் என்றேன். தெரிந்தே மருந்து கொடுத்து அனுப்பினேன் என்றேன். தம்பியைப் பற்றித் தெரியாது என்று வாய் வரை வந்தது... விழுங்கிவிட்டேன். தெரிந்திருந்தால் மட்டும்தான் அனுப்பாமல் இருந்திருப்பேனா? மற்ற பிள்ளைகள் என்றால் பரவாயில்லையா?

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"டெஸ்ட் எடுத்தீர்களா? எந்த ஃப்ளூ, ஏ டைப்பா, பி டைப்பா?"

"ஏ."

"டாக்டரிடம் சொல்கிறேன்."

வைத்துவிட்டாள்.

நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. நான் நல்லவள் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. கோயிலில் வாலண்டியர் வேலை, பக்கத்து வீட்டுக்குப் பாயசம் என்று எல்லாம் செய்கிறவள்தானே! கெடுதல் செய்கிறவர்கள் கவசம் போட்டுக்கொண்டு குதிரையில் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். மினிவேனில், லஞ்ச் பாக்ஸ் கட்டிக்கொடுத்து, ஐ கான்டாக்ட் முக்கியம் என்று சொல்லி இறக்கிவிடுவார்கள் என்று நினைக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்துப் பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். கமிலா யாழினியிடம் சொல்லித்தான் தெரியும். அவள் அம்மாவுக்கு நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

நன்றாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.