கத்தி எடுக்கும் முன் காரணம் எழுதுங்க, டாக்டர்

பிரசவ அறையில் நர்ஸுக்கு நாற்காலி உண்டு. அதில் நர்ஸ் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இந்த வேலையில் நின்று நின்றே கால் வீங்கிய சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

நாகர்கோவில் பக்கம் எங்கள் ஆஸ்பத்திரி. சிசேரியன் கூடிக்கொண்டே போகிறதென்று, புதிதாக வந்த பெரிய டாக்டரம்மா சில விதிகள் கொண்டுவந்தார். ஆபரேஷன் என்றால் காரணத்தை எழுதி டாக்டரும் நர்ஸும் கையெழுத்துப் போடவேண்டும். வலி வந்தவள் நடக்கலாம், காப்பி குடிக்கலாம், துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம். சொன்னவர் அவர், எல்லாரோடும் மல்லுக்கு நின்றவள் நான்.

கல்யாண அவசரம்

தோவாளையில் பூக்கட்டும் சுபாவுக்குத் தலைப்பிரசவம். வலியோடு வந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. பிள்ளையின் துடிப்பு சீராக இருந்தது. டியூட்டி டாக்டர் வாட்சைப் பார்த்துவிட்டு, "தியேட்டருக்குக் கொண்டு போங்க" என்றார். அன்று மண்டைக்காட்டில் அவருடைய மச்சினனுக்குக் கல்யாணம் என்பது ஆஸ்பத்திரிக்கே தெரியும்.

காரணத் தாளை நீட்டினேன். 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதினார்.

"எப்ப இருந்து, டாக்டர்?"

"நீங்க நர்ஸா, வக்கீலா?"

"நர்ஸுதான். ஆனா இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

வேலை போனாலும் போகும் என்று பயம். ஆனாலும் பேனாவைப் பையில் செருகிக்கொண்டேன். அவர் முறைத்தார், ஆனால் கல்யாணத்துக்குப் போகவில்லை. மதியம் மூன்றரை மணிக்கு சுபா தானாகவே பெற்றாள், பெண்பிள்ளை. கையுறையைக் கழற்றிக்கொண்டே டாக்டர் சொன்னார்:

"பந்தியும் போச்சு, அடைப்பிரதமன் பாயசமும் போச்சு. எனக்க பெண்டாட்டிகிட்ட காட்ட ஒரு காரணம் எழுதித் தாங்க சிஸ்டர், கையெழுத்தோட."

நசீமாவின் வாய்

குளச்சல் நசீமாவுக்குத் துணையாக அவளுடைய லாத்தா வந்திருந்தாள். வலி ஏற ஏற நசீமா என் கையைப் பிடித்து முறுக்கினாள். "என்னால முடியாது, கீறி எடுங்க!" லாத்தா என்மேல் பாய்ந்தாள். "எனக்க தங்கச்சி கெடந்து துடிக்கா, நீங்க வேடிக்கை பாக்கியளா?"

டாக்டரைக் கூப்பிட்டேன். தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாகச் சொல்லி, வலி குறைய ஊசி போட்டார். "ஒரு மணி நேரம் பாப்போம். அப்பவும் வேணும்னா சொல்லு, பேசுவோம்" என்றார். அந்த ஒரு மணி நேரமும் வராந்தாவில் நசீமாவை நடக்கவைத்தோம். நான் ஒரு பக்கம், லாத்தா மறுபக்கம். நின்ற இடத்தில் இடுப்பைத் தேய்த்துவிட்டோம். எனக்கும் என் குடும்பத்துக்கும் அவள் கொடுத்த ஏச்சை இங்கே அச்சிட முடியாது. கத்தியில்லாமலே பிள்ளை பெற்று, தேறி, மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"சிஸ்டர், பிள்ளை நல்லா இருக்கு, சந்தோசம். ஆனா ஏசுனதுல ஒரு வார்த்தையும் திரும்ப எடுக்கமாட்டேன்."

பலகை

சிசேரியன் குறையக் குறைய நிர்வாகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. மாதக் கணக்கைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டினார்கள்.

சிதறாலிலிருந்து சுஜிதா வந்தாள். முதல் பிள்ளை சிசேரியன். இரண்டாவதைத் தானாகப் பெறவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். காலையெல்லாம் நன்றாகவே போயிற்று. அப்புறம் வலி அடங்கின நேரத்திலும் பழைய தழும்பில் மட்டும் குத்துகிறது என்றாள். பிள்ளையின் துடிப்பு இறங்கியது. பெரிய டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இப்பதானே பாத்தேன். அரை மணி நேரம் பாப்போம்."

"அரை மணி கிடையாது, டாக்டர். நான் தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போறேன். நீங்க அங்க வாங்க."

போனை வைத்துவிட்டுக் கட்டிலைத் தள்ளினேன். சுஜிதா அழுதாள். "நான் தோத்துட்டேனா, சிஸ்டர்?"

"இது போட்டியில்ல, மக்ளே. பிள்ளை வேணும், நீ வேணும்."

டாக்டரம்மா ஓடி வந்தார். திறந்து பார்த்தால் கர்ப்பப்பையில் பழைய தழும்பு பிரிய ஆரம்பித்திருந்தது. பிள்ளை அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வெளியே வந்த டாக்டரம்மா நேராக வாசலுக்கு நடந்து அந்தப் பலகையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னதக் கேக்காம இருந்ததுக்கு நன்றி. முதல்ல இந்தச் சனியனக் கழட்டு."

ஆக, கத்தி வேண்டாம் என்றாலும் மல்லு, வேண்டும் என்றாலும் மல்லு என்றாகிவிட்ட பிறகு, நியாயத்தின் பக்கம் நின்றே மல்லுக்கட்டுவதுதான் லாபம்.